பெயரில்தான் மேக்னம்

சித்தூரிலும் திருப்பதியிலும் தற்காப்புக்காகத் துப்பாக்கி உரிமம் கேட்பவர்களுக்குச் சட்டம் விட்டுவைத்திருக்கும் சில ரகங்களில் .22ம் ஒன்று. அதில் 'மேக்னம்' என்று ஒரு தோட்டா உண்டு. ரைஃபிளில் அது புலி. கைத்துப்பாக்கியின் குட்டைக் குழலில்?

2015 நவம்பர் 17. சித்தூர் மாநகராட்சி அலுவலகத்துக்குள் பட்டப்பகலில் பர்தா அணிந்து நுழைந்தவர்கள், மேயர் கட்டாரி அனுராதாவை அவரது அறையிலேயே சுட்டுக் கொன்றனர். பக்கத்தில் இருந்த கணவர் கட்டாரி மோகன் வெட்டப்பட்டு, வேலூர் மருத்துவமனையில் உயிரிழந்தார். பத்தாண்டுகள் இழுத்த வழக்கில் 2025 அக்டோபரில் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதித்தது சித்தூர் நீதிமன்றம். வேலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய, பாதிக் கடைகளில் தமிழிலேயே பேரம் பேசக்கூடிய இந்த ஊரில் பகை என்பது பேச்சோடு நிற்கும் சமாசாரம் அல்ல.

ஆகவே கொஞ்சம் பணமும் கொஞ்சம் எதிரிகளும் சேர்ந்துவிட்டவர்களுக்கு இடுப்பில் ஒரு துப்பாக்கி இருந்தால் தேவலை என்று தோன்றுவதில் வியப்பில்லை. கிரானைட் குவாரி, மாம்பழக் கூழ் ஆலை, நகைக்கடை, வட்டித் தொழில் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமான பிறகு விண்ணப்பம் போக வேண்டிய கலெக்டர் அலுவலகம் இரண்டாகிவிட்டது. நடைமுறை மட்டும் ஒன்றுதான்: விண்ணப்பம், போலீஸ் அறிக்கை, ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்கான சான்றிதழ், பிறகு நீண்ட காத்திருப்பு.

உரிமம் கிடைத்துவிட்டால் பிடித்ததை வாங்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். போலீசும் ராணுவமும் பயன்படுத்தும் 9 மி.மீ. பிஸ்டல் சாதாரணக் குடிமகனுக்குக் கிடையாது. 1980களின் நடுவிலிருந்து தனிநபர் இறக்குமதிக்கும் கதவு சாத்தப்பட்டுவிட்டது. எஞ்சுவதில் முக்கியமானவை .32 ரிவால்வர், .32 பிஸ்டல், அப்புறம் .22. பெரும்பாலானவர்கள் .32 பக்கமே சாய்கிறார்கள். 2014ல் கான்பூர் தொழிற்சாலை பெண்களுக்கென்று விளம்பரப்படுத்தி வெளியிட்ட 'நிர்பீக்', 2023ல் வந்த 'பிரபல்' இரண்டும் .32 ரிவால்வர்கள்தான். மேற்கு வங்கத்தின் இஷாபூர் ரைஃபிள் தொழிற்சாலை மட்டும் வேறு வழியில் யோசித்து, கைப்பையில் அடங்கும் 'நிடர்' என்ற .22 ரிவால்வரைக் கொண்டுவந்தது.

.22 என்பது பலருக்குப் பழைய நண்பன். என்.சி.சி. முகாமுக்குப் போனவர்கள் வெயிலில் குப்புறப் படுத்து முதன்முதலாகச் சுட்டது இதைத்தான். தோளில் அடிக்காது, சத்தம் பயமுறுத்தாது, தோட்டா சுண்டுவிரலின் முதல் இரண்டு கணு அளவுகூட இருக்காது. இந்தப் பரிச்சயமே ஒரு அலட்சியத்தையும் வளர்த்திருக்கிறது. 'பாயிண்ட் 22வா, அதை வைத்து என்ன செய்வது?' என்பது அலட்சியத்தின் ஒரு முகம். 'அப்படியானால் மேக்னம் வாங்கிவிடலாமே' என்பது மறுமுகம். இரண்டுமே பரிசோதிக்க வேண்டியவை.

சாதாரண .22 என்று எல்லாரும் சொல்வது லாங் ரைஃபிள், சுருக்கமாக எல்.ஆர். 1887ல் அமெரிக்காவில் உருவான தோட்டா. வின்செஸ்டர் நிறுவனம் 1959ல் அறிவித்தது வின்செஸ்டர் மேக்னம் ரிம்ஃபயர். இந்திய ஆயுதச் சட்டம் நிறைவேறியதும் அதே 1959ல்தான். சட்டமும் மேக்னமும் ஒரே வயதுக்காரர்கள், ஆனால் இன்றுவரை சரியாகப் பழகியதில்லை.

ரிம்ஃபயர் என்ற பெயரிலேயே இந்தத் தோட்டாக்களின் பலமும் பலவீனமும் அடங்கியிருக்கிறது. பெரிய தோட்டாக்களில் அடிப்பாகத்தின் நடுவே ஒரு சிறு கிண்ணத்தில் தீப்பொறி மருந்து வைக்கப்பட்டிருக்கும். ரிம்ஃபயரில் அந்தக் கிண்ணம் இல்லை. பித்தளைக் குப்பியின் அடி விளிம்பு உள்ளே குழிவாக இருக்கும். ஈரமான மருந்தை அதில் இட்டுக் குப்பியைச் சுழற்றினால் மருந்து விளிம்புக்குள் பரவி ஒட்டிக்கொள்ளும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போது பற்றிக்கொள்கிறது. செய்வது சுலபம், விலையும் மலிவு. ஆனால் மருந்து ஒரு இடத்தில் பரவாமல் போய், ஊசி சரியாக அந்த இடத்திலேயே விழுந்தால் 'டக்' என்ற ஓசையோடு சரி. சுடும் பயிற்சியில் இது ஒரு சிரிப்பு. தற்காப்பில் அப்படியல்ல. எல்.ஆருக்கும் மேக்னத்துக்கும் இது பொதுவான நோய். மேக்னம் தோட்டா பொதுவாக இன்னும் கவனமாகத் தயாரிக்கப்படுகிறது என்றாலும், பெயரை மாற்றியதால் நோய் தீர்ந்துவிடவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஊசி நசுக்க வேண்டுமென்றால் விளிம்பு மெல்லியதாக இருந்தாக வேண்டும். மெல்லியதாக இருந்தால் அதிக அழுத்தத்தைத் தாங்காது. அதனால்தான் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் வகுத்த அளவுகோலில் எல்.ஆர்., மேக்னம் இரண்டுக்கும் உச்ச அழுத்தம் ஒன்றே: சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு. மேக்னம் என்றதும் கூடுதல் அழுத்தம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். மேக்னத்தின் ரகசியம் அழுத்தமல்ல, இடம். எல்.ஆர். குப்பியின் நீளம் 15.6 மி.மீ.; மேக்னத்தின் குப்பி ஏறக்குறைய 27 மி.மீ., விட்டமும் சற்றே பெரியது. உள்ளே அதிக மருந்து, அதுவும் மெதுவாக எரியும் மருந்து. குண்டு குழலுக்குள் ஓடும்போது பின்னாலிருந்து நீண்ட நேரம் தள்ளிக்கொண்டே இருப்பதுதான் அதன் தந்திரம்.

அந்தத் தந்திரத்துக்கு வேண்டியது நீண்ட குழல். கைத்துப்பாக்கியில் இல்லாததும் அதுதான்.

கணக்கைப் பார்க்கலாம். இரண்டிலும் வழக்கமான குண்டின் எடை ஒன்றே: 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம். ரைஃபிளில் எல்.ஆர். குண்டு வினாடிக்குச் சுமார் 380 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது; மேக்னம் சுமார் 580 மீட்டரில். ஆற்றலில் சொன்னால் முன்னது ஏறக்குறைய 190 ஜூல், பின்னது 440. இரண்டு மடங்குக்கும் மேல். முயல் வேட்டைக்காரர்கள் மேக்னத்தைக் கொண்டாடியதில் நியாயம் இருந்தது.

அதே தோட்டாக்களை நான்கு அங்குலக் குழல் கொண்ட ரிவால்வரில் போட்டால்? எல்.ஆர். 300 மீட்டர் அளவுக்கு இறங்குகிறது. மேக்னமோ 370க்கு விழுகிறது. ஆற்றல் சுமார் 120 ஜூலுக்கு 175. இரண்டு மடங்கு ஒன்றரை மடங்காகிவிட்டது. இடுப்பில் மறைக்கும் இரண்டு அங்குலக் குழல் என்றால் நிலைமை இன்னும் மோசம். குட்டைக் குழலுக்கென்றே மருந்தை மாற்றித் தயாரிக்கப்படும் சிறப்பு மேக்னம் தோட்டாக்கள் அமெரிக்காவில் கிடைக்கின்றன. ஸ்பீர் நிறுவனம் அப்படிப்பட்ட ஒன்றுக்கு 1.9 அங்குலக் குழலில் அறிவித்திருக்கும் வேகம் வினாடிக்கு 320 மீட்டர். நான்கு அங்குலக் குழலில் சாதாரண எல்.ஆர். தருவதைவிட ஒரு பிடி கூடுதல், அவ்வளவே.

காணாமல் போன ஆற்றல் எங்கே? குழலை விட்டுக் குண்டு வெளியேறிய பிறகும் எரிந்துகொண்டிருக்கும் மருந்து, துப்பாக்கி முனையில் ஒரு தீப்பந்தாக வெடிக்கிறது. இருட்டில் அது சுடுபவரின் கண்ணையே கூச வைக்கும். நான்கு சுவர்களுக்குள் சத்தம் காதைப் பிளக்கும். எல்.ஆர். கைத்துப்பாக்கியே காதுக்கவசம் இல்லாமல் சுடக்கூடியதல்ல. மேக்னம் அதற்கும் மேலே. கொடுத்த காசுக்குக் கிடைப்பதில் கணிசமான பங்கு வெளிச்சமும் ஓசையும். தீபாவளிக்கு வேண்டுமானால் பொருத்தம்.

இதை வைத்து மேக்னத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. அதன் குண்டுக்குத் தாமிர உறை உண்டு, எல்.ஆர். குண்டு பெரும்பாலும் வெறும் ஈயம் அல்லது மெல்லிய பூச்சு. உடலுக்குள் குறைந்தது 12 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 1986 மியாமி துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு வகுத்த அளவுகோலை, குட்டைக் குழலுக்கான நல்ல மேக்னம் தோட்டாக்கள் எட்டிவிடுகின்றன. மணிக்கட்டில் வலு குறைந்த முதியவர்களுக்கு அதன் உதைப்பு ஒரு பொருட்டல்ல. அமெரிக்காவில் கெல்-டெக் நிறுவனம் 2010ல் முப்பது தோட்டா கொள்ளும் மேக்னம் பிஸ்டலைக் கொண்டுவந்தது. வால்தர் 2022லும், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2023லும் பின்தொடர்ந்தன. அங்கே அதற்கு ஒரு சந்தை இருக்கிறது, பல ரகத் தோட்டாக்கள் இருக்கின்றன, பயிற்சிக்கு ஆயிரக்கணக்கில் சுட்டுப் பார்க்க இடமும் இருக்கிறது.

சித்தூர்க்காரருக்கு இந்த மூன்றுமே இல்லை.

இந்தியாவில் குடிமக்களுக்கான தோட்டா தயாரிப்பு நெடுங்காலம் அரசு ஆயுதத் தொழிற்சாலைகளின் கையில் இருந்தது. 2021 அக்டோபரில் அவை ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது தோட்டா வகையறா மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்துக்குப் போனது. .22 எல்.ஆர்., .32, .315, 12 போர் என்று நீளும் அந்தப் பட்டியலில் .22 மேக்னம் இல்லை. போட்டிகளில் சுடும் வீரர்களுக்கும் ரைஃபிள் சங்கங்களுக்கும் தோட்டா இறக்குமதிக்குச் சலுகை உண்டு என்றாலும் அவர்களுக்கும் மேக்னம் தேவையில்லை. ஒலிம்பிக்கின் 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகள் எல்.ஆருக்கு மட்டுமே உரியவை. 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வென்றதும், 2024 பாரிஸில் மனு பாக்கர் நூலிழையில் மூன்றாவது பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்ததும் என்.சி.சி. மாணவர் சுடும் அதே வகைத் தோட்டாவில்தான்.

ஆக, இங்கே புழங்கும் .22 மேக்னம் துப்பாக்கிகள் பெரும்பாலும் இறக்குமதிக் கதவு சாத்தப்படுவதற்கு முன் வந்தவை. அப்பா, தாத்தா உரிமத்திலிருந்து வாரிசுக்கு மாறியவை. துப்பாக்கி இருக்கும், தோட்டா இருக்காது. ஆபத்து தொடங்குவது இந்த இடத்தில்தான்.

மேக்னத்தின் அறை எல்.ஆர். தோட்டாவை விடச் சற்று அகலம். ஆகவே மேக்னம் ரிவால்வரின் உருளையில் எல்.ஆர். தோட்டா தடையில்லாமல் உள்ளே போய்விடும். விசையை அழுத்தினால் வெடிக்கவும் கூடும். ஆனால் சுற்றிலும் பிடிப்பில்லாத பித்தளைக் குப்பி ஊதி, பிளந்து, கொதிக்கும் வாயுவும் உலோகத் துணுக்குகளும் சுடுபவரின் கை, முகத்தை நோக்கித் திரும்பலாம். 'இரண்டும் .22தானே' என்ற நினைப்பின் விலை ஒரு கண்ணாக இருக்கலாம். அமெரிக்காவின் ரூகர் போன்ற நிறுவனங்கள் இதற்காகவே ஒரே ரிவால்வருக்கு இரண்டு உருளைகளைத் தருகின்றன. எல்.ஆருக்கு ஒன்று, மேக்னத்துக்கு ஒன்று, மாற்றிக்கொள்ளலாம். ஒற்றை உருளை உள்ள பழைய துப்பாக்கிக்கு அந்த வசதி இல்லை. குழலில் பொறித்திருக்கும் எழுத்துகளைப் படித்துப் பார்ப்பதைத் தவிர வேறு காப்பும் இல்லை. உரிமப் புத்தகத்தில் வெறுமனே '.22' என்று எழுதியிருந்தால் கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் குழப்பம் இரட்டிப்பாகும்.

எல்.ஆர். மட்டும் போதுமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு விடை தேட 1981 மார்ச் 30க்குப் போக வேண்டும். வாஷிங்டனில் ஹோட்டல் வாசலில் அதிபர் ரொனால்ட் ரீகனைக் குறிவைத்தவனின் கையில் இருந்தது மலிவான, குட்டைக் குழல் .22 எல்.ஆர். ரிவால்வர். இரண்டு வினாடிக்குள் ஆறு குண்டுகள். நான்கு பேர் காயம். காரில் பட்டுத் தெறித்த ஒரு குண்டு ரீகனின் நுரையீரலைத் துளைத்து, இதயத்துக்கு ஏறத்தாழ ஒரு அங்குலத்தில் நின்றது. தான் சுடப்பட்டதையே ரீகன் முதலில் உணரவில்லை. பத்திரிகைச் செயலர் ஜேம்ஸ் பிராடி தலையில் குண்டு பட்டு வாழ்நாள் முழுக்க முடங்கினார். 2014ல் அவர் இறந்தபோது அதைக் கொலை என்றே பதிவு செய்தனர். அதற்கு முன்பு, 1968 ஜூனில் லாஸ் ஏஞ்சலீஸில் ராபர்ட் கென்னடியின் உயிரைப் பறித்ததும் ஒரு .22 ரிவால்வர்தான்.

இந்தச் சம்பவங்கள் சொல்வது இரட்டைச் செய்தி. .22 கொல்லும், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் பாய்ந்து வருபவனை அந்த நொடியே நிறுத்தும் என்று நம்ப முடியாது. குண்டு பட்டவருக்கே தெரியாமல் போகலாம். கொலைகாரனுக்குப் பயன்படும் குணமும் தற்காத்துக்கொள்பவருக்குத் தேவையான குணமும் வேறு வேறு. மேக்னத்தின் கூடுதல் நாற்பது ஐம்பது ஜூல் இந்த இடைவெளியை நிரப்பிவிடாது.

.32ன் கதையும் பெரிய வித்தியாசமில்லை என்பது உரிமதாரர்கள் பலர் விரும்பாத உண்மை. இந்தியாவில் ரிவால்வருக்கு வரும் .32 தோட்டாவின் ஆற்றல் சுமார் 150 ஜூல். காகிதத்தில் பார்த்தால் நான்கு அங்குல மேக்னத்தைவிடக் குறைவு. குண்டின் எடை மட்டும் இரண்டரை மடங்கு. ஆனால் நடுவில் கிண்ணம் உள்ள தோட்டா என்பதால் 'டக்' என்று ஏமாற்றும் வாய்ப்பு குறைவு, தோட்டாவும் உள்நாட்டில் கிடைக்கிறது. லட்ச ரூபாய் கொடுத்து .32 வாங்குவதற்கு உருப்படியான காரணம் இதுதான், ஆற்றல் அல்ல. நூறு தோட்டா சுட்டுப் பழகிய .22 எல்.ஆர். உரிமதாரர், வாங்கிய நாள் முதல் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் .32 உரிமதாரரைவிட ஆபத்து வேளையில் மேலானவராக இருக்கக்கூடும்.

குண்டு இலக்கைத் தவறினால் என்னாகும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. எல்.ஆர். தோட்டாப் பெட்டிகளிலேயே ஒரு மைல், ஒன்றரை மைல் தூரம் வரை அபாயம் என்று எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். கோவிந்தராஜ சுவாமி கோயிலைச் சுற்றி எந்நேரமும் மொட்டைத் தலைகள் நகரும் திருப்பதி வீதிகளில், தற்காப்புக்காகச் சுட்ட குண்டு யார் மேல் பாயும் என்று ஏழுமலையானுக்கே வெளிச்சம். 2019 சட்டத் திருத்தம், அஜாக்கிரதையாகவோ கொண்டாட்டத்துக்காகவோ சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டாண்டு வரை சிறை என்கிறது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்ததும் அதே திருத்தம்தான்.

திருமலைக்கு மேலே எல்.ஆரும் கிடையாது, மேக்னமும் கிடையாது. அலிபிரி சோதனைச் சாவடியோடு ஆயுதத்துக்கு முற்றுப்புள்ளி. அந்த அலிபிரியில்தான் 2003 அக்டோபர் 1 அன்று அப்போதைய முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் வாகன அணியை நக்சலைட்டுகளின் கண்ணிவெடி தாக்கியது. சுற்றிலும் தேர்ந்த காவலர்கள், கையில் குடிமக்களுக்குக் கிடைக்காத துப்பாக்கிகள். நாயுடு காயங்களோடு உயிர் தப்பியதற்கு அந்தத் துப்பாக்கிகள் காரணமல்ல.

சித்தூர் மாநகராட்சி அலுவலகத்திலும் தாக்குதல் நடந்தது மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள தூரத்தில். அத்தகைய நொடியில் குழலின் நீளமோ குப்பியின் நீளமோ கணக்கில் வருவதற்கு முன், துப்பாக்கி உறையை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும்.

இந்தப் பக்கங்களில் பகை உச்சத்துக்கு ஏறும் காலம் தேர்தல். தேர்தல் அறிவிப்பு வந்த கையோடு உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி காவல் நிலையத்திலிருந்து ஆள் வரும். ஓட்டு எண்ணி முடியும்வரை .32, எல்.ஆர்., தோட்டா இல்லாத தாத்தா காலத்து மேக்னம் எல்லாம் பெயர்ச் சீட்டு கட்டப்பட்டு ஒரே இடத்தில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும்.